தினமும் 12 கிலோமீட்டர், தண்ணீர் கிடையாது, லேட்டானால் 300 உக்கி: 12 வயதுப் பையன் தாங்குவானா?

விருதுநகர் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். பையனுக்கு 12 வயது, 1500 மீட்டர் ஓடுகிறான். கோச் காலை ஐந்து மணிக்கு வரச் சொல்லி தினமும் 12 கிலோமீட்டர் ஓடவிடுகிறார், ஞாயிற்றுக்கிழமையும் லீவு இல்லை. கணுக்காலில் மணல் பை கட்டி ஓட வேண்டும், முடிக்கும்வரை தண்ணீர் கிடையாது, லேட்டாக வந்தால் 300 உக்கி, அதாவது 300 தடவை உட்கார்ந்து எழ வேண்டும். "ஆனா டைமிங் நல்லா குறைஞ்சிருக்கு சார். இப்ப ஒரு மாசமா குதிகால் வலிக்குதுங்கிறான். நிறுத்தினா இவ்வளவு நாள் பட்ட பாடு வீணாயிடுமா?" என்று கேட்கிறார்.

முதலில் குதிகாலைப் பார்ப்போம், அதுதான் அவசரம். அவனை உட்கார வைத்து, குதிகாலின் இரண்டு பக்கத்தையும் உள்ளங்கையால் சேர்த்து மெதுவாக அழுத்திப் பாருங்கள். துள்ளினான் என்றால் பெரும்பாலும் அது செவர்ஸ் என்று சொல்கிற பிரச்சினைதான். 8 முதல் 14 வயது வரை ஓடுகிற, குதிக்கிற பிள்ளைகளுக்கு அடிக்கடி வரும். இந்த வயதில் குதிகால் எலும்பின் பின்பகுதி இன்னும் முழுதாக ஒட்டாமல், நடுவில் குருத்தெலும்பாகவே இருக்கும். எலும்பு வேகமாக நீளும்போது கெண்டைக்கால் தசை அந்த வேகத்துக்கு நீளாது, ஒவ்வொரு எட்டுக்கும் அந்த இளம் இடத்தைப் பிடித்து இழுக்கும். நாளைக்கு 12 கிலோமீட்டர் என்றால் எத்தனை ஆயிரம் இழுப்பு என்று நினைத்துப் பாருங்கள். ஓட்டத்தைக் குறைத்தால் பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும், அதுவரை சைக்கிள், நீச்சல் எல்லாம் தாராளமாகச் செய்யலாம். ஆனால் ராத்திரி தூக்கத்தில் வலித்தாலோ, நொண்டி நடந்தாலோ, விரல் வைத்துக் காட்டும்படி ஒரே புள்ளியில் வலித்தாலோ எலும்பில் விரிசல் இருக்கலாம். காத்திருக்காமல் எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

அடுத்து உக்கி. இதைத்தான் எல்லோரும் சாதாரணமாக நினைக்கிறார்கள், எனக்கு அதிகம் பயம் தருவதும் இதுதான். பழக்கமில்லாத தொடைக்கு ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கில் உக்கி கொடுத்தால் தசை இழைகள் சிதைந்து, அதில் இருக்கிற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையே பாதிக்கலாம். ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். தொடை வீங்கி, மாடிப்படி இறங்க முடியாமல், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தண்ணீர் கொடுக்காமல் ஓடவைத்த நாளில் இந்த ஆபத்து இன்னும் கூடும்.

தண்ணீர் குடிக்காமல் ஓடினால் உடம்பு பழகிக்கொள்ளும் என்பது பழைய நம்பிக்கை. அப்படி ஒரு பழக்கம் உடம்பில் கிடையாது. பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு வியர்வை குறைவுதான், ஆனாலும் ஓடும்போது தண்ணீர் வெளியேறத்தான் செய்யும். ஓடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள், ஒரு கிலோ குறைந்திருந்தால் அது ஏறக்குறைய முழுக்கத் தண்ணீர்தான். உப்புப் போட்ட மோர் அல்லது நீராகாரம் கொடுத்தனுப்புங்கள், வேறு விலை உயர்ந்த பானம் எதுவும் வேண்டாம். மணல் பையையும் அவிழ்த்துவிடச் சொல்லுங்கள், கால் வீசும் முறையைக் கெடுத்து முழங்காலுக்கும் இடுப்புக்கும் பாரம் ஏற்றுவதுதான் மிச்சம்.

சரி, டைமிங் குறைந்தது எப்படி? பையன் வளர்கிறான், கால் நீள்கிறது, ஒழுங்காக மைதானத்துக்குப் போகிறான். இந்த மூன்றும் இருந்தால் 12 வயதில் யாருக்கும் டைமிங் குறையும், தாகமும் தண்டனையும் அதில் ஒரு நொடியைக்கூடக் குறைக்கவில்லை. ஒரே வகுப்பில் சீக்கிரம் மீசை அரும்புகிற பையன் ஜெயிப்பான், 16 வயதில் மற்றவர்கள் எட்டிப்பிடிப்பார்கள். அன்றைக்கு ஓட உங்கள் பையனுக்குக் காலும் ஆசையும் மிச்சம் இருக்க வேண்டும், அதுதான் என் கவலை.

ஒடிசாவின் புதியா சிங்கை ஞாபகம் இருக்கிறதா? 2006 மே மாதம், நாலு வயதில், பூரியிலிருந்து புவனேஸ்வரை நோக்கி 65 கிலோமீட்டரை 7 மணி 2 நிமிடத்தில் ஓடிய குழந்தை. நாடே கொண்டாடியது. டாக்டர்கள் பரிசோதித்தபோது ஊட்டச்சத்துக் குறைவு, ரத்தசோகை, இதயத்துக்கு அழுத்தம் என்று சொன்னார்கள். இவன் ஒருநாள் ஒலிம்பிக்கில் ஓடுவான் என்று கொண்டாடியவர்கள் சொன்னார்கள், அது நடக்கவில்லை. அந்தக் குழந்தையின் மேல் யாரும் தப்புச் சொல்ல முடியாது, எனக்கு இப்போதும் அந்தப் படங்களைப் பார்த்தால் மனசு தாங்காது.

அதற்காகப் பயிற்சியே வேண்டாம் என்று வீட்டில் உட்கார வைக்காதீர்கள். எத்தனை வயதோ வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் பயிற்சி வேண்டாம் என்று விளையாட்டு மருத்துவத்தில் ஒரு கணக்கு உண்டு, இவனுக்கு அது 12 மணி. வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு, முடிந்தால் இரண்டு. வேகமான ஓட்டம் இரண்டு நாள் போதும், மற்ற நாளில் ரிலே, தாண்டுதல், கபடி, கால்பந்து என்று எதுவும் ஆடட்டும். ஒரு நல்ல ஆள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தால் லேசான எடைப்பயிற்சியும் செய்யலாம், அதனால் உயரம் நின்றுவிடாது. தூக்கம் ஒன்பது மணி நேரமாவது வேண்டும். ஐந்து மணிக்கு மைதானம் என்றால் ஏழரைக்கே படுக்க வேண்டும், ட்யூஷன் முடிந்து வருகிற பையனுக்கு அது நடக்குமா என்று நீங்களே சொல்லுங்கள்.

கோச்சிடம் பேசும்போது பிள்ளைகள் எதிரே பேசாதீர்கள். அவரும் இப்படித்தான் அடிபட்டு வளர்ந்திருப்பார், கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை. வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போய், டாக்டர் சீட்டைக் காட்டி, மூன்று விஷயம் மட்டும் கேளுங்கள்: குதிகால் ஆறும்வரை ஓட்டம் இல்லை, எப்போது வேண்டுமானாலும் தண்ணீர், தண்டனை உக்கி இல்லை. ஒத்துக்கொண்டால் அவரிடமே தொடரட்டும். மறுத்தால் வேறு மைதானம் பாருங்கள், ஒரு சீசன் போனாலும் பரவாயில்லை. வலி முழுக்கப் போன பிறகு முதல் வாரம் 15 நிமிடம், நடையும் மெதுவான ஓட்டமும் கலந்து, ஒருநாள் விட்டு ஒருநாள். மறுநாள் காலையில் குதிகால் எப்படி இருக்கிறது என்று அவனையே கேட்டுவிட்டு, அப்புறம் கூட்டுங்கள்.