நடுவர் மதிப்பெண்ணும் கல்லாப்பெட்டியும்: ஆப் போட்டிகள் பற்றி வாசகர் கேள்விகள்

ஆப் போட்டிகளில் முதல் பரிசு வாங்குபவை பிறகு கண்ணில் படுவதே இல்லை. நடுவர்கள் எதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்?
– வாசகர், ஈரோடு

கூகுள் 2007 நவம்பரில் அறிவித்த ஆண்ட்ராய்ட் டெவலப்பர் சேலஞ்சை எடுத்துக்கொள்வோம். முதல் போட்டிக்கு 1,788 ஆப்கள் வந்தன. முதல் ஆண்ட்ராய்ட் போன் கடைக்கு வந்ததோ 2008 அக்டோபரில்; பரிசுகள் அதற்கு முன்பே அறிவிக்கப்பட்டுவிட்டன. அதாவது கணினியில் எமுலேட்டரில் (போனைப் போலவே நடிக்கும் மென்பொருளில்) ஓடியதைப் பார்த்துத்தான் மதிப்பெண் போட்டார்கள். சட்டைப்பையில் போன் இருக்கும்போது பேட்டரி எவ்வளவு தீரும், ஜிபிஎஸ் எங்கே தடுமாறும் என்பதெல்லாம் அதில் தெரியாது.

அளவுகோல்கள் நான்கு: யோசனையின் புதுமை, ஆண்ட்ராய்டின் வசதிகளைப் பயன்படுத்திய விதம், மெருகும் கவர்ச்சியும், 'இது இல்லாமல் முடியாது' என்ற தேவை. யார் காசு கொடுப்பார்கள் என்பதற்குத் தனி மதிப்பெண் கிடையாது. சந்தைக்கு அருகில் வருவது நான்காவது மட்டுமே. அதையும் நடுவர் ஊகிக்கத்தான் முடியும்.

தலா 2,75,000 டாலர் பெற்ற பத்தில் ஒன்று லைஃப்360. வீட்டில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டும் ஆப். சந்தா வசூலித்து வளர்ந்து, 2019-இல் ஆஸ்திரேலியப் பங்குச் சந்தையிலும் 2024-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையிலும் இடம்பிடித்தது. அதே தொகையைப் பெற்ற இன்னொன்று எக்கோரியோ. நம் பயணங்களால் எவ்வளவு கார்பன் வெளியாகிறது என்று கணக்குச் சொல்லும். நல்ல யோசனைதான். ஆனால் கணக்கை ஓரிரு முறை பார்த்தால் ஆவல் தீர்ந்துவிடும். பிள்ளை பள்ளியிலிருந்து கிளம்பிவிட்டதா என்ற கவலை தினமும் மாலையில் வரும். நடுவர் மேசையில் இரண்டும் சமம். முப்பதாவது நாளில் சமமில்லை.

நடுவர்களுக்குப் பதில் பயனர்களே வாக்களித்தால் சரியாகிவிடுமா?
– வாசகர், தஞ்சாவூர்

ஓரளவுதான். 2009-இல் நடந்த இரண்டாவது சேலஞ்சில் ஆண்ட்ராய்ட் பயனர்களே தனி ஆப் ஒன்றை இறக்கி, அது கொடுத்த ஆப்களைச் சோதித்து மதிப்பெண் போட்டார்கள். ஒட்டுமொத்த முதலிடம் ஸ்வீட்ட்ரீம்ஸ் என்ற ஆப்புக்குப் போனது. மூன்றாமிடம் பெற்ற வேவ்செக்யூர், தொலைந்த போனைப் பூட்டித் தகவலைக் காப்பாற்றுவது. சிங்கப்பூரின் டென்கியூப் நிறுவனம் செய்தது. 2010-இல் அந்த நிறுவனத்தையே கணினிப் பாதுகாப்பு நிறுவனமான மெக்கஃபீ வாங்கிக்கொண்டது.

போன் தொலையும் நாளில்தான் வேவ்செக்யூரின் அருமை தெரியும். சில நிமிடச் சோதனையில் தெரியாது. மேலும், கையில் கொடுத்ததை இலவசமாகத் திறந்து பார்ப்பவரும், தானே தேடி வந்து காசு கட்டுபவரும் ஒரே மாதிரி முடிவெடுப்பதில்லை.

கூ ஏன் மூடப்பட்டது? அது அரசுப் போட்டியில் வென்றதுதானே?
– வாசகர், சென்னை

ஆம். ட்விட்டர் போன்ற இந்தியச் சமூக வலைத்தளமான கூ, 2020 ஜூலையில் மத்திய அரசு அறிவித்த ஆத்மநிர்பர் ஆப் போட்டியில் வென்றது. 2024 ஜூலையில் மூடப்பட்டது. பெரிய நிறுவனங்களுடன் இணையும் பேச்சுகள் கைகூடவில்லை, தொழில்நுட்பச் செலவு அதிகம் என்று நிறுவனர்கள் சொன்னார்கள். சமூக வலைத்தளத்தில் ஆள் கூடக் கூட சர்வர் செலவு உடனே ஏறும். விளம்பர வருமானமோ மிகவும் தாமதமாக வரும். தொடங்கிச் சில மாதங்களே ஆன ஆப்பில் இந்த இடைவெளியை எந்த நடுவராலும் அளக்க முடியாது. நடுவர்களைக் குறை சொல்வது நியாயமல்ல.

போட்டிக்கு ஆப் அனுப்பப் போகிறேன். பிறகு விற்கவும் ஆசை. எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, திருநெல்வேலி

நடுவருக்கு: ஓடிபி இல்லாமல் நுழைய ஒரு சோதனைக் கணக்கு கொடுங்கள், உங்கள் போனுக்கு வரும் ஓடிபிக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். அந்தக் கணக்கில் மாதிரித் தரவை நிரப்பி வையுங்கள். வெற்றுத் திரையைப் பார்த்தால் மதிப்பெண் குறையும். இலவச சர்வர்கள் சும்மா இருந்தால் தூங்கிவிடும், முதல் திறப்பு ஒரு நிமிடம்கூட இழுக்கும். மதிப்பீடு நடக்கும் வாரத்துக்காவது கட்டணத் திட்டத்துக்கு மாறுங்கள். இருப்பிடம், கேமரா அனுமதிகளை முதல் திரையிலேயே கேட்காதீர்கள். தேவைப்படும் இடத்தில் கேளுங்கள்.

விதிமுறையில் ஆப்பின் உரிமை யாருக்கு என்ற பத்தியை, கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். உரிமையை அமைப்பாளருக்கு எழுதிக் கொடுத்தால் பிறகு விற்க உங்களிடம் எதுவும் இருக்காது.

சந்தைக்கு: 2023 நவம்பர் 13-க்குப் பின் தொடங்கிய தனிநபர் பிளே கன்சோல் கணக்கு (கூகுள் பிளேயில் ஆப் வெளியிடுபவர்களுக்கான கணக்கு) என்றால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனையில் (நீங்கள் சேர்த்தவர்கள் மட்டும் ஆப்பைப் பயன்படுத்திப் பார்ப்பது) இருந்தால்தான் ஆப்பை வெளியிட விண்ணப்பிக்கவே முடியும். போட்டி முடிவுக்குக் காத்திருக்கும் வாரங்களில் அதை முடித்துவிடுங்கள். அந்த 12 பேர் தோழிகளாக இல்லாமல், உண்மையிலேயே ஆப் தேவைப்படுபவர்களாக இருக்கட்டும். ஏழாவது நாளில் நீங்கள் நினைவூட்டாமலே எத்தனை பேர் திறந்தார்கள் என்று குறித்து வையுங்கள். இரண்டு மூன்று பேருக்கு மேல் இல்லையென்றால், விலை வைப்பதற்கு முன் ஆப்பின் வேலையையே மாற்ற வேண்டியிருக்கும்.