லோக்கல்ஹோஸ்ட்னா யாரோட லோக்கல்ஹோஸ்ட்?

கேள்வி: ஒரு ப்ராஜெக்ட் பழைய பிஎச்பில ஓடுது, இன்னொண்ணு புதுசுல, ரெண்டையும் ஒரே மெஷின்ல வச்சு மாரடிக்க முடியாம டாக்கருக்கு (ஒவ்வொண்ணையும் கன்டெய்னர்ங்கிற தனிப் பெட்டிக்குள்ள ஓட்டற டூல்) மாறினேன். எந்தெந்த கன்டெய்னர் ஓடணும்னு எழுதற கம்போஸ் ஃபைல்ல வெப் ஒண்ணு, மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் ஒண்ணு. என் மெஷின்ல இருக்கிற டேட்டாபேஸ் கிளையன்ட்ல 127.0.0.1 (லோக்கல்ஹோஸ்ட், அதாவது 'இதே மெஷின்'), போர்ட் 3306 போட்டா ஜம்முனு உள்ள போகுது. அதே அட்ரஸை ஆப்ல போட்டா கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டுன்னு வருது. ஏன் சார்?

பதில்: நீங்க மட்டும் இல்ல, டாக்கர் பக்கம் வர்ற முக்காவாசிப் பேர் முதல்ல முட்டிக்கிறது இந்தச் சுவத்துலதான், நானும் ஒரு நாள் பூரா பாஸ்வேர்டை மாத்தி மாத்தி அடிச்சுப் பாத்தவன்தான். ஒவ்வொரு கன்டெய்னருக்கும் நெட்வொர்க் தனி. வெப் கன்டெய்னருக்குள்ள இருந்து 127.0.0.1னு கூப்பிட்டா அது தன்னையேதான் கூப்பிடுது, அங்க மைஎஸ்க்யூஎல் ஏது? கிளையன்ட்ல வேலை செஞ்சதுக்குக் காரணம் கம்போஸ்ல நீங்க போட்ட 3306:3306 (முதல்ல இருக்கிறது மெஷின் போர்ட், அடுத்தது கன்டெய்னர் போர்ட்), அது உங்க மெஷின்லேர்ந்து உள்ள போக தொறந்து விட்ட வாசல், அவ்ளோதான்.

ஆப்ல ஹோஸ்ட் இருக்கிற எடத்துல சர்வீஸ் பேரைப் போடுங்க. கம்போஸ்ல 'டிபி'ன்னு பேர் வச்சிருந்தா அதேதான் ஹோஸ்ட், கம்போஸே ஒரு நெட்வொர்க் போட்டு அந்தப் பேரை சரியான ஐபிக்கு மாத்திக் குடுத்துடும். மெஷின்ல ஏற்கெனவே ஒரு மைஎஸ்க்யூஎல் ஓடுதுன்னு நாளைக்கு 3307:3306னு மாத்தினீங்கன்னா, ஆப்ல 3307னு மாத்திடாதீங்க, உள்ளுக்குள்ள எப்பவும் 3306தான்.

இதைச் சரி பண்ணதும் அடுத்தது ஒண்ணு வரும், இப்பவே சொல்லிடறேன். முதல் தடவை மைஎஸ்க்யூஎல் எந்திரிச்சு டேட்டா ஃபோல்டரை ரெடி பண்ண கொஞ்சம் நேரம் எடுக்கும், அதுக்குள்ள ஆப் போய் கதவைத் தட்டி எரர் வாங்கிட்டு வந்துடும். கம்போஸ்ல 'இதுக்கு முன்னாடி அது ஓடணும்'னு சொல்ற டிபெண்ட்ஸ்-ஆனை வெறுமனே போட்டா டிபி கன்டெய்னர் ஸ்டார்ட் ஆச்சான்னு மட்டும்தான் பாக்கும், ரெடியான்னு பாக்காது. டிபிக்கு ஒரு ஹெல்த்செக் (ரெடியான்னு அப்பப்போ தட்டிப் பாக்கற கமாண்ட்) எழுதி, டிபெண்ட்ஸ்-ஆன்ல சர்வீஸ்-ஹெல்தின்னு கண்டிஷன் குடுங்க. ஹெல்த்செக்ல மைஎஸ்க்யூஎல்அட்மின் பிங் போடறப்போ ஹோஸ்ட்ட லோக்கல்ஹோஸ்ட்னு விடாம 127.0.0.1னே குடுங்க. லோக்கல்ஹோஸ்ட்னா அது நெட்வொர்க்கைத் தொடாம, சாக்கெட்ங்கிற உள்வழியா போயிடும், முதல் தடவை செட்டப் நடக்கறப்போ நெட்வொர்க் இல்லாம ஒரு தற்காலிக சர்வர் ஓடும் பாருங்க, அதுவே பதில் சொல்லி உங்களை ஏமாத்திடும். இங்க 127.0.0.1 சரிதான், ஏன்னா ஹெல்த்செக் ஓடறதே டிபி கன்டெய்னருக்குள்ள!

கேள்வி: கம்போஸ் ஃபைல்ல ரூட் பாஸ்வேர்டை மாத்தினேன், கன்டெய்னரை அழிச்சு திரும்ப ஏத்தினேன், இன்னும் பழைய பாஸ்வேர்டுதான் கேக்குது. பேயா?

பதில்: பேய் இல்ல, வால்யூம், அதாவது கன்டெய்னர் போனாலும் டேட்டா போகாம டாக்கர் தனியா வச்சிருக்கிற இடம். கம்போஸ்ல நீங்க மாத்தின அந்தப் பாஸ்வேர்டு வேரியபிளை மைஎஸ்க்யூஎல் கன்டெய்னர், டேட்டா ஃபோல்டர் காலியா இருக்கும்போது மட்டும்தான் பாக்கும். நீங்க அழிச்சது கன்டெய்னரை, டேட்டா வால்யூம்ல பத்திரமா இருக்கு. ஒண்ணு உள்ள போய் எஸ்க்யூஎல்லயே பாஸ்வேர்டை மாத்துங்க, இல்லேன்னா கம்போஸ் டவுன் கமாண்ட் கூட மைனஸ் வி (-v) போட்டு வால்யூமையும் தூக்கிடுங்க. ரெண்டாவதுல டேட்டா மொத்தமும் போயிடும், 'நிஜமாவா'ன்னு ஒரு வார்த்தை கூட கேக்காது, டம்ப் (டேட்டாவோட பேக்கப்) எடுத்துட்டு அடிங்க.

கேள்வி: விண்டோஸ்ல ஒவ்வொரு பேஜும் லோட் ஆக யுகமாகுது.

பதில்: கோட் சி ட்ரைவ்ல இருக்கா? விண்டோஸ்ல டாக்கர் பொதுவா ஓடறது டபிள்யூஎஸ்எல் 2ங்கிற, விண்டோஸுக்குள்ள லினக்ஸ் ஓட்டற வசதி மேலதான். அதுல லினக்ஸ் பக்கத்துலேர்ந்து விண்டோஸ் ஃபைலைத் தொடறது ரொம்ப ஸ்லோ, அதுவும் நோட் மாட்யூல்ஸ், வெண்டார் மாதிரி லைப்ரரி ஃபோல்டர்ல ஆயிரக்கணக்குல குட்டி ஃபைல் இருந்தா சொல்லவே வேணாம். ப்ராஜெக்டை லினக்ஸ் ஹோம் ஃபோல்டருக்குள்ள க்ளோன் பண்ணி அங்கேர்ந்து ஓட்டுங்க. எடிட்டர்ல டபிள்யூஎஸ்எல் எக்ஸ்டென்ஷன் போட்டா எப்பவும் போல வேலை பாக்கலாம்.