பள்ளிக்கூடத்துச் சாக்குமூட்டையில் தாத்தா

கேள்வி: துறையூர் பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. என் தாத்தா இலங்கையில், கண்டிச் சீமையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சிறுவயதில் ஊர் வந்து, இங்குள்ள ஆரம்பப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவர். நானும் அதே பள்ளிதான். தாத்தாவின் ரெக்கார்டு ஷீட் (பள்ளியை விட்டுப் போகும்போது தரும் சான்று) தகரப் பெட்டியில் கிடைத்தது. பிறந்த தேதி 1-6-1933 என்று இருக்கிறது. ஜாதகத்திலோ பிரஜோற்பத்தி வருஷம், ஆவணி மாதம். பழைய ரிஜிஸ்டரைக் காட்டச் சொன்னேன்; தலைமையாசிரியை மறுத்துவிட்டார். கட்டடத்தை இடிக்கப் போகிறார்களாம். பதிவேடுகள் சாக்கில் கட்டி வராந்தாவில் கிடக்கின்றன. இப்போது 11 பிள்ளைகள்தான். பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு. தாத்தாவைத் தேடுவதா, பள்ளிக்காக நிற்பதா? (என் பேரன் தனியார் பள்ளி வேனில் போகிறான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

பதில்: முதலில் அந்த மூட்டை. மற்றதெல்லாம் ஒரு மாதம் பொறுக்கும். வராந்தாவில் கிடக்கும் காகிதம் ஐப்பசி மழைக்கும் பொறுக்காது, பழைய பேப்பர்காரரின் தராசுக்கும் பொறுக்காது.

நீங்கள் கேட்ட ரிஜிஸ்டர், அதாவது சேர்க்கை நீக்கல் பதிவேடு, நிரந்தரமாக வைத்திருக்க வேண்டிய ஆவணம். கட்டடம் போனாலும், பள்ளியே போனாலும் அது போகக் கூடாது. வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள்: இடிக்கும்போது பதிவேடுகள் எந்த அறைக்குப் போகின்றன, யார் பொறுப்பில் இருக்கும்? இவ்வளவு கேட்டால் போதும். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அதே கேள்வியைக் கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

தலைமையாசிரியை மறுத்தது சரிதான், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பக்கத்தில் உங்கள் தாத்தா மட்டுமா இருக்கிறார்? ஊரில் பாதிப் பேருடைய தாத்தாக்களின் சாதியும் தகப்பன் தொழிலும் வரிசையாக இருக்கும். அதை யாரோ செல்போனில் படமெடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரெக்கார்டு ஷீட்டில் சேர்க்கை எண் இருக்கும். அதைக் குறிப்பிட்டு, அந்த ஒரு வரிக்கு மட்டும் நகல் கேளுங்கள். எண் கையில் இருந்தால் தேடும் வேலை பத்து நிமிடம்.

நகல் வந்ததும் பிறந்த தேதியை விட்டுவிட்டுப் பாதுகாவலர் பெயரைப் பாருங்கள். அங்கே தகப்பன் பெயர் இல்லாமல் தாய்மாமனோ சித்தப்பாவோ இருந்தால், பெற்றவர்கள் தோட்டத்திலேயே தங்கிவிட்டு பிள்ளையை மட்டும் ஊருக்கு அனுப்பியிருக்கலாம். 'முன்பு படித்த பள்ளி' என்ற கட்டம் நிரம்பியிருந்தால் தோட்டத்துப் பெயரே கிடைக்கும். ஆனால் ஒன்று: தோட்டங்களுக்குத் தொழிலாளர்கள் தாங்களாக வைத்த தமிழ்ப் பெயர் வேறு, துரைமார் காகிதத்தில் எழுதிய பெயர் வேறு. தாத்தா வாயால் சொன்ன பெயரை இலங்கை ஆவணத்தில் தேடினால் அகப்படாமல் போகலாம். இரண்டையும் பொருத்தத் தெரிந்தவர்கள், 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களில் இருப்பார்கள். உங்கள் பக்கத்தில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. தோட்டமும் மாவட்டமும் தெரிந்துவிட்டால், பிறப்புப் பதிவை இலங்கையின் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் கேட்கலாம்.

தேதி விஷயத்தில் என் ஓட்டு ஜாதகத்துக்கு. பிரஜோற்பத்தி என்றால் 1931 சித்திரையில் தொடங்கிய வருஷம்; ஆவணி என்றால் ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை. வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது என்று சேர்த்துக்கொண்ட காலம் அது. தேதி கேட்டால் தகப்பன் விழிப்பார், வாத்தியார் ஜூன் ஒன்று என்று எழுதிவிடுவார். அந்தக் கணக்குப்படி நம் ஊர்ப் பெரியவர்களில் பாதிப் பேர் பள்ளி திறக்கிற மாதத்தில்தான் பிறந்திருக்கிறார்கள்! வருஷப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். ஆட்களின் பெயரும் அப்படித்தான். பேரன் என்றாலே பெயரன். ஒரே பெயரில் தாத்தாவும் பேரனும் இருந்தால் பத்திரங்களில் ஒருவரை இன்னொருவராக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

பத்திரம் என்றதும் சொல்கிறேன்: இருப்பதில் பாகப்பிரிவினைப் பத்திரம்தான் தங்கம். அண்ணன் தம்பி அத்தனை பேரும் 'இன்னார் குமாரர்' என்று வரிசையாக வருவார்கள். இணையத்தில் வில்லங்கச் சான்று (ஒரு சொத்தின்மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) பெரும்பாலும் 1975 முதல்தான். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். பெண்கள் இந்தக் காகிதங்களில் அநேகமாக இல்லை. அவர்களுக்கு வழி மொய் நோட்டு. எந்த ஊரிலிருந்து யார் என்ன செய்தார்கள் என்று அதில் இருக்கும். பெரிய மொய்யும் சீரும் வந்த ஊர் பாட்டியின் பிறந்த ஊராக இருக்க வாய்ப்பு அதிகம். நோட்டு எங்கே என்று கேட்க, வீட்டில் வயதான அத்தையிடம் இந்த வாரமே போய் உட்காருங்கள்.

இனி பள்ளி. இடிப்பதை எதிர்க்க வேண்டாம். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். பழுதான கட்டடத்தை நினைவுக்காக நிறுத்திவைக்க யாருக்கும் உரிமை இல்லை. கேட்க வேண்டியது, அதே இடத்தில் புதுக் கட்டடம் வருமா என்பது. சேர்ப்பதாகச் சொன்னால் பக்கத்துப் பள்ளிக்கு எத்தனை தூரம், நடுவில் பெரிய ரோடு உண்டா என்று நடந்தே பாருங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகளில் தொடக்கப் பள்ளிக்கு ஒரு கிலோமீட்டர்தான் கணக்கு. அங்கன்வாடியில் எத்தனை பிள்ளைகள், அடுத்த ஜூனில் எத்தனை பேர் ஒன்றாம் வகுப்புக்கு வருவார்கள் என்ற பட்டியலோடு போனால் பேச்சுக்கு எடை கூடும்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் முன்னாள் மாணவி என்று பேசுங்கள். பேசி முடிக்கும் முன்பே "உங்க பேரன் எங்கே படிக்கிறான்?" என்று ஒரு தாய் கேட்பார். கேட்கத்தான் வேண்டும். ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள் என்று பயந்து மருமகள் வேனில் ஏற்றியிருந்தால், அதையே அங்கே வெளிப்படையாகச் சொல்லுங்கள். மற்ற வீடுகளின் காரணமும் பெரும்பாலும் அதுதான். பள்ளியில் காலை உணவுத் திட்டம் வந்த பிறகும் வேன் நிற்கவில்லை. ஆசிரியரைக் கேட்டு வாங்குவதற்குக் குழுவுக்கு அந்த வாக்குமூலம் உதவும்.

முன்னாள் மாணவர்கள் நாலு பேர் சேர்ந்து பதிவேடுகளுக்கு ஓர் இரும்பு பீரோ வாங்கித் தர முடியுமா பாருங்கள். அலுவலருக்குக் கடிதம் போடும் முன் தலைமையாசிரியையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். தன்மேல் புகார் என்று அவர் நினைத்துவிட்டால், கையில் சேர்க்கை எண் இருந்தும் அந்தப் பக்கம் திறக்காது.