ஈயின் கண்ணில் மூன்று நிமிடம்: ஃபெரென்ட்ஸ் ரோஃபுஸ் பற்றிக் கேட்டவையும் சொன்னவையும்

போன சனிக்கிழமை எங்கள் குறும்படக் குழுவில் ஹங்கேரிய இயக்குநர் ஃபெரென்ட்ஸ் ரோஃபுஸின் ‘ஈ’ படத்தைப் போட்டோம். படம் 3 நிமிடம். பேச்சு ஒன்றரை மணி நேரம் போனது, அப்போதும் முடியவில்லை. மிச்சக் கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன். என்னால் முடிந்த பதில்கள் இவை.

கேள்வி: இவர் யார் சார்? பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

1946-ல் புடாபெஸ்டில் பிறந்தவர். 1968-ல் பன்னோனியா என்ற அரசு ஸ்டூடியோவில் சேர்ந்தார். அன்றைய ஹங்கேரியில் அனிமேஷன் என்றாலே பன்னோனியாதான். டிவி தொடர்களை எடுத்துத் தள்ளிய அதே இடம், தன் ஓவியர்களுக்குச் சொந்தமாகக் குறும்படம் செய்யவும் வாய்ப்புக் கொடுத்தது. மார்செல் யாங்கோவிச் 1974-ல் ‘சிசிஃபஸ்’ எடுத்து ஆஸ்கர் பரிந்துரை வரை போனது அங்கிருந்துதான். ரோஃபுஸ் 1980-ல் ‘ஈ’ எடுத்தார், ஆஸ்கரையே வாங்கினார். ஹங்கேரியப் படம் ஒன்றுக்குக் கிடைத்த முதல் ஆஸ்கர் அது.

பெயரைத் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஹங்கேரியர்கள் குடும்பப் பெயரை முன்னால் வைப்பார்கள். அவர்கள் ஊரில் இவர் ரோஃபுஸ் ஃபெரென்ட்ஸ்.

கேள்வி: நான் அனிமேஷன் படிக்கிறேன். படம் முழுக்க ஒரே ஷாட், கேமரா பறந்துகொண்டே இருக்கிறது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இதை எப்படிச் செய்தார்கள்?

கேமரா பறக்கவே இல்லை தம்பி, அது ஸ்டாண்டில் அசையாமல் நின்றது. பறந்ததெல்லாம் பென்சில்தான்.

அந்தக் காலத்து செல் அனிமேஷனில் பின்னணியை ஒரு முறை வரைந்தால் போதும். அதன் மேல் கண்ணாடி போன்ற தாளில் பாத்திரத்தை மட்டும் மாற்றி மாற்றி வரைவார்கள். பூனை ஓடும், சுவர் அப்படியே இருக்கும். உழைப்பு மிச்சமாவது அந்தச் சுவரில்தான். ‘ஈ’யில் அந்த வழியே கிடையாது. நாம் ஈயின் கண்ணுக்குள் உட்கார்ந்திருக்கிறோம், ஈயைப் பார்ப்பதில்லை. ஈ ஒரு அங்குலம் நகர்ந்தாலும் மரம், வேலி, வராந்தா, நாற்காலிக் கால் எல்லாமே இடம் மாறும், அளவு மாறும், கோணம் மாறும். எனவே ஒவ்வொரு தாளிலும் உலகத்தையே திரும்ப வரைய வேண்டும்.

நீங்களே கணக்குப் போடுங்கள். வினாடிக்கு 24 பிரேம், 180 வினாடி, ஆக 4,320 பிரேம். ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினாலும் 2,000-க்கு மேல் முழு ஓவியங்கள். போதாததற்கு, அகலக் கோண லென்ஸில் பார்ப்பதுபோல் ஓரங்கள் வளைந்திருக்கும். அந்த வளைவையும் கையால்தான் போட வேண்டும்.

வண்ணத்தைக் குறைத்துப் பழுப்பிலேயே படத்தை நிறுத்தியதை நான் பெரிய புத்திசாலித்தனம் என்பேன். முழு வண்ணத்தில் இந்த வேகத்தைக் கண் தாங்காது.

கேள்வி: கடைசியில் ஈ என்ன ஆனது? பின் வரிசையில் சரியாகத் தெரியவில்லை.

அடி விழுந்தது. ஊசி குத்திய பூச்சிச் சேகரிப்பில் அதுவும் ஒன்றாகிவிட்டது. இந்த ஈ யாரையும் பழிவாங்காது, ஏமாந்துவிடாதீர்கள்.

கேள்வி: இதில் அரசியல் இருக்கிறது என்று பேசினீர்கள். எனக்கு ஈ மட்டும்தான் தெரிந்தது.

ஈ மட்டும் தெரிந்ததில் தப்பே இல்லை. அப்படியும் பார்க்கலாம் என்பதால்தான் படம் அன்றைக்குப் பிழைத்தது.

அது ஹங்கேரியக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் யானோஷ் காதாரின் ஆட்சி. கலைகளை மூன்று தட்டில் வைப்பார்கள்: ஆதரிப்பவை, பொறுத்துக்கொள்பவை, தடுப்பவை. ஹங்கேரிய மொழியில் மூன்று சொல்லுமே ‘ட’வில் தொடங்கும், அதனால் ‘மூன்று ட’ என்றே பெயர். நடுத் தட்டுதான் சுவாரசியமானது. சொல்லாமல் சொல்லத் தெரிந்தவர்கள் அங்கேதான் வாழ்ந்தார்கள். வசனமே இல்லாத படத்தில் தணிக்கைக்காரர் எதைப் பிடித்து வெட்டுவார்? ரீங்காரத்தையா?

தோட்டத்தில் சுதந்திரமாகப் பறந்தது ஒரு வீட்டுக்குள் நுழைகிறது, வெளியேற முடியவில்லை, காலடிச் சத்தம் நெருங்குகிறது. 1956-ல் மக்கள் எழுச்சியை அடக்க சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் வந்தபோது ரோஃபுஸுக்கு வயது 10. அந்த ஊர்ப் பார்வையாளருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

கேள்வி: ஆஸ்கர் மேடையில் ஏறியவர் அவர் இல்லையாமே, உண்மையா?

உண்மைதான். அந்த ஆண்டு விழாவே ஒரு நாள் தள்ளிப்போனது. 1981 மார்ச் 30 அன்று அதிபர் ரீகன் சுடப்பட்டதால் மறுநாள் 31-ல் நடத்தினார்கள். போட்டியில் மொத்தம் மூன்று படங்கள். மற்ற இரண்டும் கனடாவிலிருந்து வந்தவை, அதில் ஒன்று ஃப்ரெடெரிக் பாக் எடுத்தது. ஜெயித்தது ஹங்கேரி.

ஆனால் ஜெயித்தவர் புடாபெஸ்டில் இருந்தார். அன்றைய ஹங்கேரியருக்கு இரண்டு வகைப் பாஸ்போர்ட். சோஷலிச நாடுகளுக்குச் சிவப்பு, மேற்கே போக நீலம். நீலம் கேட்டவுடன் கிடைக்கும் சமாச்சாரம் இல்லை. லாஸ் ஏஞ்சலிஸ் போக ரோஃபுஸுக்கு அனுமதி கொடுக்கவில்லை. படங்களை வெளிநாட்டுக்கு விற்கும் அரசு நிறுவனமான ஹங்கரோஃபில்மின் தலைவர் இஷ்ட்வான் டோஷாய் மேடையேறிச் சிலையை வாங்கிக்கொண்டார். வெளியே போக வழியில்லாத ஈயை வரைந்தவரை வெளியே விடவில்லை. கதையாக யாராவது எழுதிக்கொண்டு வந்திருந்தால், ‘கொஞ்சம் ஓவர்’ என்று நானே அடித்திருப்பேன்.

கேள்வி: தலைப்பை ஹங்கேரிய மொழியில் எப்படிச் சொல்வது?

‘அ லேஜ்’ என்பது கிட்டத்தட்ட வரும். லேஜ் என்றால் ஈ. அதே சொல்லுக்கு ‘இரு’ என்ற ஏவல் பொருளும் உண்டு. நம் ஈயும் அப்படித்தானே? பூச்சியும் அதுவே, ‘கொடு’ என்பதும் அதுவே. இயக்குநர் இதை நினைத்து வைத்தார் என்று நான் சொல்ல வரவில்லை, எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

கேள்வி: ஒரே படத்தோடு முடிந்துவிட்டாரா அண்ணா?

இல்லை. 1982-ல் ‘ஹோல்ட்போன்ட்’, அதாவது முட்டுச்சந்து மாதிரி ஒரு நிலை. இதிலும் அதே கண் உத்திதான், ஆனால் கண் இப்போது துப்பாக்கிப் படை முன் நிறுத்தப்படும் கைதியுடையது. என்னைக் கேட்டால் ‘ஈ’யை விட இது கனமானது, ஆனால் அவ்வளவு நயமானது இல்லை. ஈயில் நாமாக ஊகித்ததை இதில் நேராகவே காட்டிவிடுகிறார்.

1984-ல் ‘கிராவிடாசியோ’ (புவியீர்ப்பு). மரத்தில் மனித முகங்களோடு ஆப்பிள்கள் தொங்குகின்றன. ஒன்று மட்டும் பிய்த்துக்கொள்ளத் துடிக்கிறது. பிய்த்தும்விடுகிறது. பிறகு தரையில் சிதறுகிறது. நாட்டை விட்டுப் போவதா வேண்டாமா என்று தவித்த ஊரில் இந்த ஆப்பிள் எப்படிப் புரிந்திருக்கும்!

அப்புறம் அவரே கிளம்பினார். 1980-களின் இறுதியில் டொராண்டோ போய் நெல்வானா ஸ்டூடியோவில் வேலை பார்த்தார், பிறகு சொந்தமாக ‘சூப்பர்ஃப்ளை’ என்று கம்பெனி தொடங்கினார். ஈ அங்கேயும் விடவில்லை பாருங்கள். 2000-களின் தொடக்கத்தில் ஊர் திரும்பினார். 2011-ல் ‘டிக்கெட்’: ஒருவர் பிறந்ததிலிருந்து இறக்கும் வரை அவர் கண் வழியே. 2018-ல் லியனார்டோவின் ‘கடைசி இராப்போஜனம்’ ஓவியத்தை எடுத்துக்கொண்டு ஒரு படம்.

கேள்வி: குறும்படம் என்பது பெரிய படத்துக்கு விசிட்டிங் கார்டு தானே? இவர் ஏன் அப்படிப் பயன்படுத்தவில்லை?

விசிட்டிங் கார்டாக வைத்துக்கொண்டவர்கள் ஹங்கேரியிலேயே உண்டு. லாஸ்லோ நெமெஷ் 2007-ல் குறும்படம் எடுத்துவிட்டு 2015-ல் ‘சன் ஆஃப் சவுல்’ என்ற முழுநீளப் படம் செய்தார். கிரிஸ்டோஃப் டேயாக் ‘மிண்டென்கி’க்காக 2017-ல் ஆஸ்கர் வாங்கினார். பள்ளிப் பாடகர் குழுவில் சரியாகப் பாட வராத சிறுமியை ‘வாயை மட்டும் அசை’ என்று ஆசிரியை சொல்லும் 25 நிமிடப் படம், கட்டாயம் பாருங்கள். 2022-ல் அவர் முழுநீளப் படத்துக்குப் போய்விட்டார்.

ரோஃபுஸின் பெயர் நிற்பது குறும்படங்களில்தான். ஈயின் கண்ணில் ஒன்றரை மணி நேரம் யாராலும் உட்கார முடியாது. அந்தக் கண்ணுக்கு 3 நிமிடம்தான் சரியான அளவு. அதை அவர் குறையாக நினைத்த மாதிரி தெரியவில்லை. தவிர, பன்னோனியாவில் இருந்தவரை மாதச் சம்பளம் வந்தது. கார்டு நீட்ட வேண்டிய தயாரிப்பாளர் யாரும் அங்கே கிடையாது.

கேள்வி: இதை நாங்கள் செய்து பார்க்க முடியுமா மேம்... மன்னிக்கவும், சார்?

தாராளமாக. வாசற்படியிலிருந்து அடுப்படி வரை ஒரு எறும்பு போவதாக வையுங்கள். 5 வினாடி போதும். வினாடிக்கு 12 ஓவியம், மொத்தம் 60 தாள். முதலில் போனைத் தரையோடு தரையாகத் தள்ளிக்கொண்டே போய் வீடியோ எடுத்துப் பாருங்கள், எந்தப் பொருள் எப்போது பெரிதாகிறது என்று பிடிபடும். நான் ஒரு முறை ஆரம்பித்து 22-வது தாளில் கதவு நிலையோடு நிறுத்திவிட்டேன். அடுப்படி வரை போய்ச் சேர்ந்தவர்கள் அடுத்த சனிக்கிழமை கொண்டுவாருங்கள், போட்டுப் பார்க்கலாம்.