யாரால் காத்திருக்க முடியும்?

அன்புள்ள அண்ணாச்சி,

திருநெல்வேலிப் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் வயல். நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். போன பிசானப் பருவத்து நெல் அறுப்புக்கு ஊருக்கு வந்திருந்தேன். அப்பா நெல்லை அரசுக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு ஒன்பது நாள் அங்கேயே காவல் கிடந்தார். முதலில் ஈரம் அதிகம் என்றார்கள். அப்புறம் சாக்கு வரவில்லை, அதற்கப்புறம் லாரி வரவில்லை. நடுவில் ஒரு ராத்திரி மழை வேறு. கடைசியில் எடை போடும்போது சிப்பத்துக்கு, அதாவது மூட்டைக்கு, இவ்வளவு என்று கையில் கொடுத்துத்தான் வேலை முடிந்தது. வியாபாரியிடம் போட்டிருந்தால் களத்துக்கே வந்து அன்றைக்கே எடுத்திருப்பார். விலைதான் குறைவு.

அரசாங்கத்துக்கு வியாபாரத்தில் என்ன வேலை, போலீஸையும் கோர்ட்டையும் ஒழுங்காக நடத்தட்டும், மற்றதைச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். அந்த ஒன்பது நாளைப் பார்த்த பிறகு எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் எங்கள் ஆச்சிக்கு ரேஷன் அரிசி இல்லாமல் மாதம் ஓடாது. நீங்கள் பீடி சுற்றும் பெண்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் அரசு தலையிட வேண்டும் என்கிறீர்கள். முதலாளித்துவமா, சோஷலிசமா, கலப்புப் பொருளாதாரமா? நீங்கள் எந்தப் பக்கம் என்று நேராகச் சொல்ல வேண்டும்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது கடைசிக் கேள்வி இல்லை, அந்த ஒன்பது நாள்தான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அறுப்பு முடிந்து களத்தில் பொலி கிடக்கும்போதே வியாபாரி வந்துவிடுவார். நெல்லை அள்ளி உள்ளங்கையில் வைத்துத் தேய்ப்பார். நாலு மணியை வாயில் போட்டுக் கடிப்பார். அப்புறம் கோட்டைக்கு (அன்றைய நெல் அளவு) ஒரு விலை சொல்வார். என் அப்பா தலையை ஆட்டுவார். பேரம் என்று ஒன்று நடந்து நான் பார்த்ததே இல்லை. ஏனென்றால் நடவுக்கும் உரத்துக்கும் அப்பா கடன் வாங்கியது அந்த வியாபாரியிடம்தான். இரண்டு மாதம் கழித்து அதே நெல் நல்ல விலைக்குப் போகும் என்பது அப்பாவுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் கெட்டவர் இல்லை. எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் வந்து நின்றவர். ஆனால் அவரிடம் நெல்லைச் சேர்த்து வைக்கக் கிட்டங்கி இருந்தது, அப்பாவிடம் கடன் இருந்தது. அவரால் இரண்டு மாதம் காத்திருக்க முடியும், அப்பாவால் இரண்டு நாள்கூட முடியாது. விலை அங்கேயே முடிவாகிவிட்டது.

பொருளாதாரத்தைப் பற்றிப் பிற்பாடு எவ்வளவோ படித்தேன். ஆனாலும் எந்த விவாதம் வந்தாலும் நான் முதலில் கேட்டுக்கொள்வது இதைத்தான்: இந்த வியாபாரத்தில் யாரால் காத்திருக்க முடியும், யாரால் முடியாது? இரண்டு பக்கமும் காத்திருக்க முடிந்தால் அரசு விலகி நிற்கலாம். ஒரு பக்கம் மட்டும் காத்திருக்க முடிந்தால் அதற்குச் சந்தை என்று பெயர் இருக்கலாம், நடப்பது பேரம் இல்லை.

இப்போது உங்கள் அப்பாவின் நெல்லுக்கு வருகிறேன். இந்திய உணவுக் கழகமும் விவசாய விலை ஆணையமும் 1965ல் வந்தன. குறைந்தபட்ச ஆதரவு விலை, அதாவது இந்த விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று அரசு முன்கூட்டியே அறிவிக்கும் ஏற்பாடு, அங்கிருந்துதான் தொடங்குகிறது. 2025-26 பருவத்துக்குச் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு குவிண்டாலுக்கு 2,369 ரூபாய் அறிவித்தது. தமிழக அரசு 131 ரூபாய் சேர்த்து 2,500 ஆக்கியது. இந்த விலையால் கொள்முதல் நிலையத்தில் போடுகிறவருக்கு மட்டும்தான் லாபம் என்று நினைக்கக் கூடாது. பக்கத்து வயல்காரர் வியாபாரியிடமே விற்கட்டும். 'இந்த விலை கட்டாது, நான் சென்டருக்குக் கொண்டுபோறேன்' என்று அவரால் சொல்ல முடிகிறதே, என் அப்பாவால் ஒரு நாளும் சொல்ல முடியாமல் போன வாக்கியம் அது. நிலையம் அங்கே திறந்திருப்பதே வியாபாரி சொல்லும் விலையைக் கொஞ்சம் மேலே தூக்குகிறது.

அப்படியென்றால் ஒன்பது நாள் காக்க வைக்கிற நிலையம் என்ன செய்கிறது? காத்திருக்க முடியாதவனுக்காக ஏற்படுத்திய இடம் அவனையே காக்க வைக்கிறது. அந்தச் செய்தி ஊருக்குள் பரவியதும் வியாபாரி தன் விலையை இறக்குகிறார். உங்கள் கோபத்தில் ஒரு சொட்டைக்கூட நான் குறைக்க மாட்டேன். சிப்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கிய கையை எந்தத் தத்துவத்தாலும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அந்த நிலையத்தை மூடினால் உங்கள் அப்பா மறுபடியும் என் அப்பா நின்ற களத்துக்குத்தான் போக வேண்டும்.

தாமதத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. கையறுப்பு நடந்த காலத்தில் ஒரு ஊர் அறுப்பு முடிய வாரக்கணக்கில் ஆகும். அரிக்கட்டு வயலில் கிடந்து காயும், களத்தில் அடித்த பிறகும் காயும். இப்போது கதிர் அறுக்கும் மெஷின் வந்ததும் ஊர் முழுக்க நாலைந்து நாளில் அறுபட்டு, பச்சை ஈரத்தோடு நெல் வந்து நிற்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. வயல் வேலை இயந்திரத்துக்கு மாறிவிட்டது, காய வைக்கும் வேலை மட்டும் இன்னும் வெயிலை நம்பி ரோட்டோரத்தில் கிடக்கிறது. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு உலர்த்தும் இயந்திரம், மேலே ஒரு கூரை, அறுப்புக்கு முன்பே வந்து இறங்கிய சாக்கு. அரசாங்கம் செய்ய வேண்டிய பொருளாதாரம் இவ்வளவு சாதாரணமானது.

அரசு எங்கே விலகி நிற்க வேண்டும் என்பதையும் சொல்கிறேன். பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு ஒரு நாள் விடிகாலையில் போய் நின்று பாருங்கள். கேரளாவுக்கு லாரி ஏறுகிறது. ஓணம் நெருங்கினால் ஒரு விலை, முகூர்த்தம் இல்லாத மாதத்தில் ஒரு விலை, முந்தின நாள் மழை பெய்தால் வேறொரு விலை. அன்றைக்குக் கத்தரிக்காய் என்ன விலைக்குப் போக வேண்டும் என்று எந்த அதிகாரியாலும் முந்தின நாள் உத்தரவு போட முடியாது. சோவியத் யூனியனில் ரொட்டிக்கும் செருப்புக்கும் அலுவலகத்தில் உட்கார்ந்து விலை எழுதினார்கள். விலை ஏறவில்லை, கடையில் பொருளும் இல்லை. ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். அதுவும் காத்திருப்புதான், பணத்துக்குப் பதிலாக வாழ்நாளைக் கொடுத்துக் காத்திருப்பது.

நம்மிடமும் அந்தத் தவறு நடந்திருக்கிறது. அரிசியை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகத் தடை இருந்த காலத்தில் செங்கோட்டையிலிருந்து மலை ஏறும் ரயிலில் நான் போயிருக்கிறேன். வயதான பெண்கள் நாலு படி, ஐந்து படி அரிசியைச் சிறு பைகளில் மடியிலும் இடுப்பிலும் கட்டிக்கொண்டு புனலூர்ப் பக்கம் போவார்கள். அந்தப் பக்கம் விலை கூட. சோதனைக்கு ஆள் ஏறியதும் அந்தப் பெட்டியில் விழும் அமைதி இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு பெண்ணின் பையைப் பிடுங்கியபோது அவர் அழவில்லை, அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி நடந்தார். அந்த விதி யாரைக் காப்பாற்றியது? அன்றாடம் சம்பாதிக்காவிட்டால் அடுப்பு எரியாது என்றிருந்த ஒருவரிடமிருந்து அது நாலு படி அரிசியைப் பிடுங்கியது, அவ்வளவுதான்.

ராஜாஜி 1952ல் முதல்வரானதும் உணவு தானியக் கட்டுப்பாட்டை எடுத்தார். யுத்த காலத்தில் வந்த ரேஷன் அது. பஞ்சம் வரும் என்று பயந்தார்கள். வரவில்லை. பதுக்கி வைத்தது வெளியே வந்தது. சரியான முடிவு என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அறுபதுகளின் நடுவில் மழை பொய்த்து அரிசி விலை ஏறியபோது, சந்தை பார்த்துக்கொள்ளும் என்று யாரும் சொல்ல முடியவில்லை. 1967 தேர்தலில் தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று வாக்குறுதி கொடுத்தது. அந்தக் கூட்டணியில் சந்தையை ஆதரித்த ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் இருந்தது! இதை முரண்பாடு என்று நான் சொல்ல மாட்டேன். 1952ல் பதுக்கியவன் காத்திருந்தான், அவனை வெளியே வர வைக்க வேண்டியிருந்தது. 1967ல் அரிசியே போதவில்லை, பசித்தவனால் காத்திருக்க முடியவில்லை. மருந்து மாறத்தான் செய்யும்.

உங்கள் ஆச்சி வாங்கும் அரிசி அதன் தொடர்ச்சி. 1997ல் மத்திய அரசு ரேஷனை ஏழைகளுக்கு ஒரு விலை, மற்றவர்களுக்கு ஒரு விலை என்று பிரித்தபோது தமிழ்நாடு பிரிக்க மறுத்தது. 2011லிருந்து அரிசி அட்டைக்கு இலவசம். அரசு உங்கள் அப்பாவைப் போன்றவர்களிடம் வாங்கும் நெல்தான் அரைத்து அந்தக் கடைக்கு வருகிறது. ஒரு முனையில் அப்பாவும் மறு முனையில் ஆச்சியும் பிடித்திருக்கும் கயிறு அது. ஒரு முனையை மட்டும் அறுக்க முடியாது.

பெரிய முதலாளியால் எவ்வளவு காலம் நஷ்டத்தில் காத்திருக்க முடியும் என்பதை நம்முடைய ஜில்லா நூறு வருஷத்துக்கு முன்பே பார்த்துவிட்டது. வ.உ.சி. 1906ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து லட்சம், பங்கு ஒன்று 25 ரூபாய். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல் ஓடின. பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, மேலும் குறைத்தது, கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தது என்று சொல்வார்கள். சந்தையில் மலிவாகக் கொடுப்பவன் ஜெயிக்கிறான் என்று உங்கள் நண்பர்கள் சொல்லக்கூடும். ஆனால் அது மலிவு இல்லை. எதிராளி செத்துப்போகும்வரை காத்திருக்கும் பலம். கூடவே அரசாங்கமும் அந்தப் பக்கம் நின்றது. 1908ல் வ.உ.சி.யைச் சிறையில் போட்டார்கள். 1911ல் கம்பெனி முடிந்தது. பலமுள்ள கம்பெனி போட்டியாளரை ஒழிப்பதற்காக அடக்க விலைக்குக் கீழே விற்பதை 2002ல் வந்த போட்டிச் சட்டம் தடுக்கிறது. அரசு ஒதுங்கி நின்றால் போதும் என்கிறவர்களிடம் நான் கேட்பது இது: அன்றைக்கு அரசு ஒதுங்கி நின்றதா?

பீடிக்கு வருகிறேன். மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் ஒரு பெண் மடியில் சுளகை வைத்துக்கொண்டு ஆயிரம் பீடி சுற்றினால் ஒரு கூலி. கம்பெனி கொடுக்கும் இலை மட்டமாக இருந்தால் ஆயிரம் தேறாது, குறைக்கு அவர்தான் வெளியில் இலை வாங்கிப் போட வேண்டும். இந்தக் கூலிக்கு மாட்டேன் என்று ஒரு வாரம் வீட்டில் இருக்க அவரால் முடியுமா? 1966ல் பீடித் தொழிலாளர் சட்டம் வந்தது. 1976ல் நல நிதி வந்தது, பீடி மேல் ஒரு சிறு வரி போட்டு அதிலிருந்து மருத்துவமனை, பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை. 2017ல் ஜி.எஸ்.டி. வந்தபோது பீடிக்கு 28 சதவீத வரி போட்டுவிட்டு அந்தத் தனி வரியை எடுத்துவிட்டார்கள். அவர்களுக்கென்று ஒதுங்கி இருந்த பணம் பொதுக் கணக்கில் கலந்துவிட்டது. அது தவறு என்று அப்போதே எழுதினேன், இப்போதும் அதே கருத்துதான்.

பெயர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் அரசியலமைப்பின் முகப்புரையில் சோஷலிசம் என்ற சொல் 1976ல் சேர்ந்தது. அந்தச் சொல் அங்கே இருக்கும்போதேதான் 1991ல் பெரும்பாலான தொழில்களுக்கு லைசன்ஸ் தேவையில்லை என்று ஆனது. சந்தைக்குத் தந்தை என்று சொல்லப்படும் ஆடம் ஸ்மித், சாலை, பாலம், ஏழைப் பிள்ளைகளின் படிப்பு இதெல்லாம் அரசின் கடமை என்று 1776லேயே எழுதிவிட்டார். பெயரை வைத்துக்கொண்டு ஒரு நாடு என்ன செய்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரு நாடே ஒரே நேரத்தில் காத்திருக்க முடியாமல் போவதும் உண்டு. எல்லோரும் செலவை நிறுத்தினால் எல்லோருடைய வருமானமும் நிற்கும், அப்போது அரசுதான் செலவு செய்ய வேண்டும் என்று ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் 1936ல் சொன்னது அதைத்தான். 2020 ஊரடங்கில் பீடிக் கடைகள் மூடிக் கிடந்தபோது ரேஷன் அட்டைக்கு வந்த ஆயிரம் ரூபாயை வாங்கிய வீடுகளுக்குக் கெய்ன்ஸை விளக்க வேண்டியதில்லை.

நீங்கள் பக்கம் கேட்டீர்கள். கடைமடைப் பக்கம், தம்பி. கன்னடியன் கால்வாயில் முதல் வயல் வைத்திருக்கும் தலைமடைக்காரனுக்குத் தண்ணீர் முறை எதற்கு? தண்ணீர் அவன் வயலைத் தாண்டித்தான் போக வேண்டும், அவனுக்கு அவசரமே இல்லை. முறை வைத்துத் திறப்பதெல்லாம் கடைசி வயல்காரனுக்காக. அந்த முறையைப் பார்க்கிறவன் தலைமடைக்காரனிடம் கை நீட்டினால் அவனை மாற்றச் சொல்லிச் சண்டை போடுவோம். முறையே வேண்டாம் என்று எந்தக் கடைமடைக்காரனும் சொல்லி நான் கேட்டதில்லை.

கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் மாதாமாதம் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. அப்பா நெல் கொண்டுபோன தேதி, எடை போட்ட தேதி, பணம் வந்த தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அதே நிலையத்தில் காத்துக் கிடந்த இன்னும் நாலு பேரிடமும் எழுதி வாங்கட்டும். அடுத்த கூட்டத்துக்கு அவர் வருவதாக இருந்தால் முந்தின நாள் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணாச்சி