கேப் டவுனில் கப்பல் நிற்கிறது, நான் இறங்கவில்லை

வணக்கம் மேடம்,

எனக்கு 20 வயது. சொந்த ஊர் பொள்ளாச்சி பக்கம், அமெரிக்காவில் இளங்கலை படிக்கிறேன். இந்த ஒரு செமஸ்டரை மட்டும் கப்பலில் படிக்கிறேன். இதைச் சொன்னால் பாதிப் பேர் மரைன் இன்ஜினியரிங்கா என்று கேட்கிறார்கள். அதெல்லாம் இல்லை, வழக்கமான காலேஜ் பாடங்கள்தான், காலேஜ் மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கும். ஜனவரியில் பாங்காக் பக்கம் ஏறினோம். வியட்நாம், மலேசியா, கொச்சி, மொம்பாசா முடிந்து இப்போது கேப் டவுன். இன்னும் கானா, மொராக்கோ, அப்புறம் ஐரோப்பாவில் இறக்கிவிடுவார்கள்.

கடலில் இருக்கும்போது சனி, ஞாயிறு கிடையாது. ‘ஏ’ நாள், ‘பி’ நாள் என்று மாற்றி மாற்றி வகுப்பு நடக்கும், கரை வந்தால்தான் லீவு. இன்று என்ன கிழமை என்று கேட்டால் எனக்கு நிஜமாகவே தெரியாது. அலை பெரிதாக இருந்தால் பேராசிரியர் ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்துவார், எங்கள் பேனாக்கள் எல்லாம் ஒரே பக்கமாக உருளும். இரவில் அலமாரிக்குள் ஹேங்கர்கள் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். மேற்கே போவதால் சில ராத்திரிகளில் கடிகாரத்தைப் பின்னால் திருப்பச் சொல்வார்கள். கொச்சிக்கும் மொம்பாசாவுக்கும் நடுவில் மட்டும் இரண்டரை மணி நேரம் அப்படிக் கூடுதலாகக் கிடைத்தது. மற்றவர்கள் சேர்த்துத் தூங்கினார்கள், நான் அந்த நேரத்தையும் விழித்தே கழித்தேன். முடியாதபோது எழுந்து டெக்குக்குப் போய்க் கைப்பிடியில் சாய்ந்து நிற்பேன்.

கொச்சி வரை நான் நன்றாகத்தான் இருந்தேன் மேடம். அங்கே கப்பல் ஐந்து நாள் நின்றது, அப்பா காரோடு வந்துவிட்டார், நாலு மணி நேரத்தில் வீடு. இரண்டு ராத்திரி. மூன்றாம் நாள் காலை அம்மா தோசை சுட்டுப் போட்டுக்கொண்டே இருந்தார், எனக்கு வாயில் தோசை, கண் கடிகாரத்தில். தாமதமாகப் போனால் அடுத்த ஊரில் சீக்கிரம் இறங்கவிட மாட்டார்கள். அரைக் கிலோ பருப்புப் பொடியை டேப் சுற்றிக் கொடுத்தார். அது இன்னும் பிரிக்காமல் என் டிராயரில் இருக்கிறது.

அதற்கப்புறம் எதுவும் ஒட்டவில்லை. முதல் வாரத்திலேயே இங்கே கூட்டம் கூட்டமாகச் சேர்ந்துவிட்டார்கள், எந்த ஊருக்கு யாரோடு என்று அப்போதே பேசி முடித்துவிட்டார்கள். நான் விசாவுக்கும் பணத்துக்கும் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் இடம் நிரம்பிவிடும். மொம்பாசாவில் சஃபாரிக்குப் போகவில்லை. பூமத்திய ரேகையைத் தாண்டிய அன்று கடல் ராஜா வேஷம் போட்டு மீன் குழம்பா என்னவோ ஒன்றைத் தலையில் ஊற்றிக் கொண்டாடினார்கள், சில பெண்கள் மொட்டை கூட அடித்துக்கொண்டார்கள். பழனியில் மூன்று முறை மொட்டை போட்டவள் நான், மேல் டெக்கிலிருந்து வேடிக்கை பார்த்தேன்.

அப்பா தென்னந்தோப்பின் பேரில் கடன் வாங்கித்தான் அனுப்பினார். குடும்ப வாட்ஸாப் குரூப்பில் பெரியப்பா தவறாமல் ‘திரைகடல் ஓடியும் திரவியம் தேடு’ என்று போடுகிறார், நானோ இருக்கிற திரவியத்தைக் கரைத்துக்கொண்டிருக்கிறேன். நேற்று மேசை மலை மேல் மேகம் துணி விரித்த மாதிரி இறங்கியிருந்தது, படம் எடுத்துப் போட்டேன். ‘கொடுத்து வெச்சவ’ என்று அத்தை எழுதினார். போனை வைத்துவிட்டு சுவர் பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன். கன்னத்தில் கை வைத்தால் அப்பத்தா ‘கப்பலா கவுந்து போச்சு’ என்பார். இங்கே சாப்பாட்டு ஹாலில் கன்னத்தில் கை வைக்கவே பயமாக இருக்கிறது!

ரூம்மேட் அவள் கூட்டத்தோடு கார் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கப்பல் இன்னும் நாலு நாள் இங்கே நிற்கும். நான் நன்றி கெட்டவளா? பாதியில் இறங்கி வீட்டுக்குப் போய்விடலாமா?

- கப்பலில் இருந்து ஒரு வாசகி

அன்புள்ள பொள்ளாச்சிப் பெண்ணுக்கு,

உனக்கு என் மகள் வயது, அதனால் நீ என்றே எழுதுகிறேன். கப்பல் கிளம்புவதற்குள் கிடைக்க வேண்டும் என்பதால் இதை முதலில் உனக்கு மெயிலில் அனுப்பிவிட்டுத்தான் இங்கே போடுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. ராத்திரி தூக்கம் வராமல் கைப்பிடியில் சாய்ந்து நிற்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அப்போது செத்துப்போய்விடலாம் என்கிற நினைப்பு எப்போதாவது வருகிறதா? கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, அதனால்தான் நேராகவே கேட்கிறேன். ஆமாம் என்றால் இதற்கு மேல் படிக்காதே, இப்போதே எழுந்து போய் கப்பலில் இருக்கும் டாக்டரிடமோ ஆலோசகரிடமோ சொல். யாரையும் தெரியாவிட்டால் வரவேற்பு மேசையில் இருப்பவரிடம் ‘தனியாக இருக்க பயமாக இருக்கிறது’ என்று சொன்னால் போதும். இல்லை என்றால் மேலே படி. ஆனாலும் ராத்திரி டெக்குக்குத் தனியாகப் போவதைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்து.

நன்றி கெட்டவள் என்கிற பேச்சை விடு. கொச்சிதான் விஷயம். வீடு தூரத்தில் இருக்கும் வரை மனசு ஒருவிதமாகச் சமாளித்துக்கொள்ளும், நாலு மாதம் கழித்துத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும். நடுவில் இரண்டு ராத்திரி அம்மா பக்கத்தில் படுத்துவிட்டு வந்தால் அந்தச் சமாதானம் உடைந்துபோகும், மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். உன்னோடு ஏறியவர்கள் பிரிவை ஒரு தடவை பார்த்தார்கள், நீ இரண்டு தடவை பார்த்திருக்கிறாய், அதில் இரண்டாவதற்குப் பிறகு எட்டு நாளைப் போல வெறும் தண்ணீர்.

அப்புறம் கப்பலுக்கு ‘வெளியே’ என்று ஒன்று கிடையாது. ஊரில் காலேஜில் ஒரு நாள் மோசமாகப் போனால் பஸ் ஏறி, நம்மைத் தெரியாத ஒரு டீக்கடையில் போய் உட்காரலாம். கப்பலில் காலையில் பார்த்த முகம்தான் வகுப்பில், அதே முகம்தான் இரவுச் சாப்பாட்டில், மார்க் போடுகிற பேராசிரியரே தட்டோடு உனக்குப் பின்னால் வரிசையில் நிற்பார். முகத்தைச் சும்மா வைத்துக்கொள்ள ஒரு மூலை கிடைக்காது, அதனால்தான் சுவர் பக்கம் திரும்பிப் படுக்கிறாய்.

இந்தக் கப்பல் காலேஜ் யோசனைக்கு எங்கள் துறைக்காரர் ஒருவரும் காரணம் என்பது தெரியுமா? ஜேம்ஸ் லாஃப் என்று நியூயார்க் பல்கலைக்கழகத்து உளவியல் பேராசிரியர். 1926 செப்டம்பரில் ரைண்டாம் என்ற கப்பலில் சுமார் 500 மாணவர்கள் அவருடைய திட்டப்படி உலகம் சுற்றக் கிளம்பினார்கள், திரும்பி வர ஏழு மாதத்துக்கு மேல் ஆனது. அவர்களுக்கும் அழுகை வந்திருக்கும். ஆனால் அழுத அன்றே சிரிக்கிற படம் ஒன்றை அத்தைக்கு அனுப்ப வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. நீயும் ஒரு வாரத்துக்குப் படம் போடாமல் இரு. யாராவது கேட்டால் நெட் சரியில்லை என்று சொல், கப்பலில் அது பாதி நாள் உண்மையாகவே இருக்கும்.

தலைசுற்றலுக்கு மாத்திரை போடுகிறாயா என்று நீ எழுதவில்லை. போடுகிறாய் என்றால் கவனி, அந்த மாத்திரைகளில் பல பகலில் தூங்கி வழிய வைக்கும். பகலில் அப்படிக் கிடந்தால் ராத்திரி எங்கே தூக்கம் வரும். மெல்லிய குமட்டலும் மனச்சோர்வும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், சாப்பிடப் பிடிக்காது, எழுந்திருக்கப் பிடிக்காது. டாக்டரிடம் போகும்போது இதையும் கேட்டுக்கொள்.

திரும்பிப் போகலாமா? போகலாம், உன்னை யாரும் கட்டிப்போடவில்லை, கேப் டவுனிலும் விமான நிலையம் இருக்கிறது. ஆனால் அழுத கையோடு டிக்கெட் போடாதே. நடுவில் இறங்கினால் படித்த பாடங்களுக்கான கிரெடிட் என்ன ஆகும், கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்ப வரும் என்று அலுவலகத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள். அந்தத் தாளோடு அப்பாவுக்குப் போன் செய். தோப்பு அவர் பேரில் இருக்கிறது, அதைப் பற்றி நீ தனியாகக் கவலைப்படுவது அவருக்கே பிடிக்காது. அம்மாவிடம் மறைப்பதாக நினைக்கிறாயே, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தோசை தின்ற பிள்ளையைப் பார்த்த அம்மாவுக்கு எதுவும் தெரியாது என்றா நினைக்கிறாய்?

இன்று மதியம் சாப்பாட்டு ஹாலுக்குப் போ. கேப் டவுன் மாதிரி ஊரில் நிற்கும்போது கப்பலிலேயே தங்கிவிட்டவர்கள் யார் யார் என்று பார். நிச்சயம் நாலு பேராவது இருப்பார்கள், அவர்களுக்கும் காசோ விசாவோ மனசோ ஏதோ ஒன்று சரியில்லை. முதல் வாரத்தில் சேர்ந்த கூட்டங்கள் பெரும்பாலும் தனியாக விடப்பட்டுவிடுவோமோ என்ற பயத்தில் சேர்ந்தவை, இந்நேரம் அதற்குள்ளேயே இரண்டு பேர் பேசாமல் இருப்பார்கள். கடலோரமாகச் சுற்ற கார் வேண்டும் என்றில்லை. ராபன் தீவுக்குப் போகிற படகு துறைமுகத்து வாட்டர்ஃப்ரண்டிலிருந்துதான் கிளம்புகிறது, மண்டேலா 18 வருஷம் அடைபட்டிருந்த இடம். டிக்கெட் கிடைக்காவிட்டால் சும்மா கரையில் நட, உன்னை யாருக்கும் தெரியாத ஒரு கடையில் உட்கார்ந்து ஒரு காபி குடி.

அப்புறம் அந்தப் பொடியைப் பிரி. பத்திரப்படுத்தி ஐரோப்பா வரை கொண்டுபோய் என்ன செய்யப் போகிறாய்? சாப்பாட்டு ஹாலில் வெறும் சோறு இருந்தால் தட்டில் வாங்கிக்கொள். நல்லெண்ணெய்க்கு எங்கே போவது, சாலட் மேசையில் ஆலிவ் எண்ணெய் இருந்தால் அதையே ஊற்றிப் பிசைந்துகொள், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் என்ன வாசனை என்று கேட்டால் ஒரு வாய் கொடு. கானாவில் இறங்கினால் அங்கிருந்து எனக்கு எழுது. அதற்குள் ஊருக்கே வந்துவிட்டாலும் எழுது.