ஊரில் ஒரு விடுமுறை வீடு: பணம் அனுப்புவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணியாகவும், காணி உறுதிகளை (உரிமைப் பத்திரங்களை) எழுதும் பிரசித்த நொத்தாரிசாகவும் பணியாற்றுகிறேன். வெளிநாட்டில் குடியுரிமை பெற்ற நம்மவர்கள் விடுமுறைக்கு வந்து தங்க ஊரில் வீடு வாங்க விரும்புவது எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் பெரும்பாலும் பணம் கைமாறிய பிறகுதான் என்னிடம் வருகிறார்கள். அதற்கு முன்பே கேட்டவர்களின் கேள்விகளும் என் பதில்களும் இவை.

ரொறன்ரோவிலிருந்து: அக்கா, நான் பிறந்தது கோண்டாவில். கனேடியக் குடியுரிமை பெற்றுப் பல ஆண்டுகளாகின்றன. ஆண்டுக்கு மூன்று மாதமாவது ஊரில் இருக்க ஒரு வீடு வாங்க எண்ணம். பிறப்புச் சான்றிதழும் பழைய அடையாள அட்டையும் கையில் இருக்கின்றன. அவை போதாதா?

போதாது, தம்பி. நீங்கள் கனேடியக் குடியுரிமை பெற்ற நாளிலேயே இலங்கைக் குடியுரிமை தானாக நீங்கிவிட்டது. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணி உரிமை மாற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கண்ணில் நீங்கள் ஒரு வெளிநாட்டவர். வெளிநாட்டவருக்குக் காணியை அறுதியாக எழுதிக் கொடுக்க முடியாது. எழுதினால் அந்த உறுதிக்குச் சட்டத்தில் வலு இல்லை. கோண்டாவிலில் பிறந்த ஒருவருக்கு இதைச் சொல்வது எனக்கும் கஷ்டம்தான், ஆனால் சட்டம் பிறந்த ஊரைக் கேட்பதில்லை.

வழி இருக்கிறது. குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பியுங்கள். இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் உறுதி எழுத வேண்டும். "விண்ணப்பம் போட்டாயிற்று, எப்படியும் கிடைத்துவிடும்" என்று முற்பணம் கொடுக்காதீர்கள். கணவன், மனைவி இருவரில் ஒருவர் மட்டும் இரட்டைக் குடியுரிமை பெற்றிருந்தால், உறுதியும் அவர் ஒருவர் பெயரில் மட்டுமே இருக்க வேண்டும்.

பாரிஸிலிருந்து: இரட்டைக் குடியுரிமைக்கு அலைய நேரமில்லை, அக்கா. தங்கையின் கணவர் ஊரில் இருக்கிறார், நல்ல மனிதர். அவர் பெயரில் வாங்கிவிட்டுப் பிறகு என் பெயருக்கு மாற்றலாமா?

என்னிடம் மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான். உங்கள் மைத்துனர் நல்லவர் என்றே வைத்துக்கொள்வோம். நாளை அவருக்கு ஒன்று நேர்ந்தால் காணி அவருடைய வாரிசுகளுக்குப் போகும், உங்களுக்கு வராது. அவர் வியாபாரத்தில் கடன்பட்டால் கடன்காரர் அந்த வீட்டின் மேல் கை வைக்கலாம். உங்கள் தங்கைக்கும் அவருக்கும் இடையே பிணக்கு வந்தாலும் வழக்கின் நடுவில் உங்கள் வீடு நிற்கும். இவற்றில் எதற்கும் அவர் கெட்டவராக இருக்கத் தேவையில்லை.

"பணம் என்னுடையது, அவர் என் பொருட்டு நம்பிக்கையில் வைத்திருக்கிறார்" என்று பிறகு நீதிமன்றத்தில் சொல்லலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். சட்டம் தடுத்த ஒன்றைச் சுற்றிப் போவதற்காகச் செய்த ஏற்பாட்டை நீதிமன்றம் காப்பாற்றித் தரும் என்று நம்பி வாழ்நாள் சேமிப்பைப் போடக் கூடாது. உள்ளூரில் ஒரு கம்பனி பதிந்து அதன் பெயரில் வாங்கலாமா என்றும் கேட்பார்கள். பங்குகளில் பாதியோ அதற்கு மேலோ வெளிநாட்டவர் கையில் இருந்தால் அந்தக் கம்பனிக்கும் இதே தடைதான்.

அலைய முடியாதென்றால் நீண்ட காலக் குத்தகை எடுங்கள். வெளிநாட்டவருக்கு 99 ஆண்டு வரை குத்தகை கொடுக்கலாம். அது உங்கள் பெயரில், உங்கள் கையொப்பத்தோடு, காணிப் பதிவகத்தில் பதிவாகி இருக்கும். விடுமுறைக்கு வந்து தங்குபவருக்கு அது தாராளமாகப் போதும் என்பது என் எண்ணம். "சொந்தம்" என்ற சொல்லில் நம்மவர்களுக்கு இருக்கும் பிடிப்புத்தான் குத்தகையை அவர்கள் கண்ணில் இளக்காரமாக்குகிறது.

ஒஸ்லோவிலிருந்து: எனக்கு இரட்டைக் குடியுரிமை இருக்கிறது. சாவகச்சேரிப் பக்கம் பழைய நாற்சார் வீட்டோடு எட்டுப் பரப்புக் காணி. விற்பவரையும் சேர்த்துக் கூடப்பிறந்தவர்கள் நால்வர், அவர் தன் பங்கை மட்டும் விற்கிறார். விலை மிகக் குறைவு. வாங்கலாமா?

விலை ஏன் குறைவு என்பதற்கான விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது, அண்ணா. அவர் விற்பது வீட்டையோ இன்ன மூலை என்று காட்டக்கூடிய நிலத்தையோ அல்ல. பிரிக்கப்படாத ஒரு பங்கை. நீங்கள் அதை வாங்கினால் முன் அறை உங்களுடையது, பின் வளவு அவர்களுடையது என்று சொல்ல முடியாது. ஒவ்வோர் அங்குலத்திலும் எல்லோருக்கும் பங்கு உண்டு.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையும் இங்கே குறுக்கே வரும். தேசவழமைக்கு உட்பட்டவர்களின் வடமாகாணக் காணிகளில் கூட்டுப் பங்காளிகளுக்கும் விற்பவரின் வாரிசாகக் கூடியவர்களுக்கும், பிறத்தியாருக்கு முன் தாங்கள் வாங்கும் உரிமை இருக்கிறது. 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்காமல் விற்றால், வழக்குப் போட்டு அந்தக் காணியைத் தங்களுக்கு மாற்றித் தரும்படி கேட்கலாம். மற்ற மூவரும் எங்கே இருக்கிறார்கள்? ஒருவர் கனடா, ஒருவர் வவுனியா, இன்னொருவர் இறந்து பிள்ளைகள் மூன்று நாடுகளில் என்றால், அறிவித்தல் கொடுப்பதே பெரிய வேலை. பங்காளிகளில் யார் வேண்டுமானாலும் மாவட்ட நீதிமன்றத்தில் பிரிவினை வழக்கும் தொடுக்கலாம். அப்பா தொடங்கிய பிரிவினை வழக்கை மகன் நடத்துவதை இந்த ஊர் நிறையவே கண்டிருக்கிறது.

இன்னொன்று. உறுதியின் அட்டவணையைக் கடைசி வரி வரை வாசியுங்கள். நான்கு எல்லைகளைச் சொல்லி முடித்த பிறகு, "கிணற்றில் பங்கும், வழிவாய்க்கால் உரிமையும்" என்று ஒரு துண்டு வரும். எல்லோரும் பரப்பையும் விலையையும் பார்த்துவிட்டு அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். கிணறு பக்கத்து வளவில் இருந்து, உங்களுக்கு அதில் பங்கு இருக்கிறது என்றால் நல்லது. கிணறு நீங்கள் வாங்கும் வளவில் இருந்து, பக்கத்தில் மூன்று குடும்பங்களுக்கு அதில் பங்கு இருக்கிறது என்றால், அவர்கள் வந்து தண்ணீர் அள்ளுவதை நீங்கள் மறிக்க முடியாது. சுற்றிவர மதில் கட்டி, கேற்றைப் பூட்டிவிட்டு விமானம் ஏறினால் அடுத்த வாரம் பொலிஸில் முறைப்பாடு இருக்கும்.

நால்வரும் சேர்ந்து கையொப்பமிட்டால் மட்டும் வாங்குங்கள்.

லண்டனிலிருந்து: விற்பவர் ஜெர்மனியில். ஊரில் அவருடைய அற்றோணித் தத்துவக்காரர், அதாவது அவருக்காகக் கையொப்பமிடப் பத்திரம் மூலம் அதிகாரம் பெற்றவர், கையொப்பமிடுவாராம். இது ஆபத்தா?

முறையாகச் செய்தால் ஆபத்து இல்லை. ஆனால் மோசடிகள் அதிகம் நுழையும் வாசல் இதுதான். தத்துவப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா, அதில் இந்தக் காணியை விற்கும் அதிகாரம் வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கிறதா, பிறகு ரத்துச் செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கொடுத்தவர் இறந்த கணமே தத்துவமும் முடிந்துவிடும். ஆகவே உறுதி எழுதும் நாளன்று ஜெர்மனியில் இருப்பவரோடு நேரடியாகக் காணொளியில் பேசுங்கள். தரகர் தரும் எண்ணில் அல்ல, நீங்களே உறவினர் வழியாகத் தேடிப் பிடித்த எண்ணில்.

சூரிச்சிலிருந்து: வீடு ஒரு அம்மாவின் பெயரில், அவருடைய சீதனம். கணவர் 2009 இல் காணாமல் ஆக்கப்பட்டவர். அம்மா தனியே கையொப்பமிட்டால் செல்லுமா?

தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் சொந்தச் சீதனக் காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். 1911 ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது. கணவர் இருக்குமிடம் தெரியாதபோது மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி பெறலாம். அந்த அம்மாவுக்கு இது எவ்வளவு பெரிய கொடுமை என்பதை நான் நேரில் பார்க்கிறேன். காணாமல் போனவரின் சம்மதத்துக்காக நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கிறது. இந்தச் சட்டம் திருத்தப்பட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் திருத்தப்படும் வரை அனுமதி இல்லாமல் வாங்காதீர்கள். வழக்குச் செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டால் அவருக்கும் உதவி, உங்களுக்கும் பாதுகாப்பு.

மெல்பேர்ணிலிருந்து: நாங்கள் வாங்கவில்லை, அப்பாவின் வீட்டைத் திருத்தித் தங்கத்தான் விருப்பம். 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு அதில் வேறொரு குடும்பம் இருக்கிறது. அப்பா இறந்துவிட்டார், நான் ஆஸ்திரேலியக் குடிமகள்.

தங்கச்சி, வெளிநாட்டவராக இருந்தாலும் மரபுரிமையாகவோ மரண சாசனத்தின் மூலமோ நெருங்கிய உறவின் காணியைப் பெற 2014 ஆம் ஆண்டுச் சட்டம் தடையில்லை. உங்கள் சிக்கல் ஆட்சியுரிமையில் இருக்கிறது. உரிமையாளருக்கு எதிராகப் 10 ஆண்டு இடையூறில்லாமல் ஆண்டவர் காணிக்கு உரிமை கோரலாம். ஆட்சி தொடங்கும்போது உரிமையாளர் கடல் கடந்து இருந்தால் அதற்குச் சட்டம் விலக்குத் தருகிறது. ஆனால் 30 ஆண்டு ஆகிவிட்டால் அந்த விலக்கும் இல்லை. 1995, 1996 இல் தொடங்கியது என்றால் கணக்கை இன்றே போட்டுப் பாருங்கள்.

அந்தக் குடும்பம் எப்படி உள்ளே வந்தது என்பதுதான் முக்கியம். "வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அப்பா சாவி கொடுத்திருந்தால் அவர்கள் அனுமதியோடு இருப்பவர்கள், எதிராக ஆண்டவர்கள் அல்லர். அப்பாவுக்கு அவர்கள் எழுதிய ஒரு பழைய கடிதம், வாடகை என்று அனுப்பிய ஒரு சிறு தொகையின் துண்டுச்சீட்டு, எதுவானாலும் தேடி எடுங்கள்.

நிலாவெளியில் கடலோரமாக ஒரு துண்டு நிலம் கிடைக்கிறது. என்ன பார்க்க வேண்டும்?

உயர்நீர் எல்லையிலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். காணி தனியாருடையதா, அரச அனுமதிப்பத்திரக் காணியா என்பதைப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். அனுமதிப்பத்திரக் காணியை அனுமதியின்றி விற்றால் அது செல்லாது. வன்னியில் வாங்குபவர்களுக்கும் இதையே சொல்வேன்.

கொழும்பில் அடுக்குமாடி வீடு வாங்குவது எளிதா?

அடுக்குமாடி வீட்டுக்கு அந்தத் தடையில் விலக்கு இருப்பதால் வெளிநாட்டவருக்கு ஒப்பீட்டளவில் எளிது. முழு விலையையும் முன்கூட்டியே வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாகக் கொண்டுவந்து செலுத்த வேண்டும். வங்கியைத் தவிர்த்து உண்டியலில் அனுப்பினால் பிறகு விற்ற பணத்தை வெளியே கொண்டுபோக வழியில்லாமல் நிற்பீர்கள். உள்முக முதலீட்டுக் கணக்கு ஒன்றைத் திறந்து அதன் வழியே அனுப்புங்கள்.

உறுதி எழுதி முடிந்துவிட்டது. பதிவை அடுத்த வருகையின்போது பார்க்கலாம் என்கிறார் தரகர்.

இன்றே பதியச் சொல்லுங்கள். அதே காணியை இன்னொருவர் பின்னால் பணம் கொடுத்து வாங்கி உங்களுக்கு முன் பதிந்துவிட்டால், அவருக்குத்தான் முதலிடம். பதிந்த பிறகு தோம்பில், அதாவது காணிப் பதிவேட்டில், உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று பிரதி எடுத்துப் பாருங்கள். அந்தப் பிரதியைத் தரகர் கையால் அல்ல, உங்களுக்காக வேலை செய்யும் சட்டத்தரணி கையால் வாங்குங்கள்.